குலசேகரத்தில் தளம் வார்த்தல்: மிக்சரா, ரெடிமிக்ஸா?

கட்டுமானத்தில் ஓர் இயந்திரத்தின் ஆக்கத்திறன் என்பது அது ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும் வேலையின் அளவாகும். அந்த அளவு, இயந்திரத்தின் கொள்திறனைவிட, அதற்குப் பொருள்கள் தடையின்றி வந்து சேர்வதையே பெரிதும் சார்ந்தது. இரு பருவமழைகளும் பெய்யும், மேடும் பள்ளமுமான குலசேகரம் பகுதியில் இது தெளிவாகப் புலப்படும். அருகிலுள்ள மாத்தூரில் இரு குன்றுகளுக்கிடையே பாசன நீரைக் கொண்டுசெல்ல 1966-இல் கட்டப்பட்ட தொட்டிப்பாலத்துக்கு 115 அடி உயரம் வேண்டியிருந்தது என்பதே நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்குச் சான்றாகும்.

1,000 சதுர அடிப் பரப்பும் 5 அங்குலக் கனமும் உள்ள தளத்துக்கு, உத்தரங்கள் நீங்கலாக, ஏறத்தாழ 12 கனமீட்டர் கான்கிரீட் தேவைப்படும். சிமெண்ட், மணல், ஜல்லி ஆகியவற்றை 1:1½:3 என்ற விகிதத்தில் கலந்தால், அதற்குச் சுமார் 95 மூட்டை சிமெண்ட் செலவாகும்.

வாடகை மிக்சர்: ஒரு சுற்றுக்கு ஒரு மூட்டை எடுக்கும் மிக்சர், சுற்றுக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், இத்தளத்தைச் சுமார் ஆறரை மணி நேரத்தில் முடிக்கும். ஜல்லியும் எம்-சாண்டும் தொலைவில் குவிக்கப்பட்டு, கையாட்கள் சுமந்து வருவதில் சுற்றுக்கு 2 நிமிடம் தாமதமானால், வேலை மேலும் மூன்று மணி நேரம் நீண்டு இருட்டிவிடும். முன்பு வார்த்த பகுதி இறுகிய பின் புதுக் கலவை சேருமிடத்தில் ஏற்படும் பிணைப்புக் குறைவான இணைப்பு பிற்காலத்தில் நீர்க்கசிவுக்கு வழிவகுக்கும்.

ரெடிமிக்ஸ்: ஆலையில் எடைபோட்டுக் கலந்த கான்கிரீட்டை 6 கனமீட்டர் கொள்ளும் லாரியில் கொண்டுவந்தால் இரண்டு நடையில் வேலை முடியும், மணல், சிமெண்டைச் சேமித்து வைக்க இடமும் வேண்டியதில்லை. ஆயினும், லாரியில் ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தரவிதியாதலால், ஆலையின் தூரம், பாதையின் அகலம், சரிவு, பம்பு நிற்கும் இடம் ஆகியவற்றை முன்பே நேரில் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. தாமதமான கலவை இறுகிவிட்டதென்று கருதித் தண்ணீர் ஊற்றித் தளர்த்தினால் அதன் வலிமை குறையும்.

கைக்கலவை: லிண்டல் போன்ற சிறு வேலைகளுக்கு மட்டுமே இது பொருந்தும், கலவை சீராக அமையாத குறையை ஈடுசெய்ய, 10 சதவீதம் சிமெண்ட் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்.

முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் பொருள் மேலாண்மை பொதுவானது. சிமெண்ட் மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திய பலகையின்மேல், சுவரைத் தொடாமல், 10 வரிசைக்கு மேற்படாமல் அடுக்க வேண்டும். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் தன் வலிமையில் ஐந்திலொரு பங்கை இழக்கக்கூடும். ஈரமான மணல் 20 சதவீதத்துக்கு மேலும் உப்பிக் கன அளவில் மிகையாகத் தோன்றுமாதலால், மழைக்காலத்தில் பெட்டியளவை மட்டும் நம்பினால் கலவையில் மணல் குறைந்துவிடும்.

ஆகவே லாரியும் பம்பும் தடையின்றி வந்து நிற்கக்கூடிய மனையில், பெரிய தளத்துக்கு ரெடிமிக்ஸும், குறுகிய சரிவுப் பாதையில் வாடகை மிக்சரும் ஏற்றவை. ஆண்டு முழுவதும் இடைவிடாது வேலை உள்ள ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே மிக்சரைச் சொந்தமாக வாங்குவது கட்டுபடியாகும்.