வாளேந்திய வடசென்னைப் பெண்

தற்காப்புக் கலை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கராத்தே. அது ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது 2021-இல் நடந்த டோக்கியோப் போட்டியில்தான். ஸ்பெயின் நாட்டின் சாண்ட்ரா சாஞ்செஸ் தம் 39-ஆம் வயதில் தங்கம் வென்றார். அதே டோக்கியோவில் நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் களமிறங்கினார். கராத்தேயில் அல்ல, வாள்வீச்சில். சி. ஏ. பவானி தேவி என்னும் அவரே வாள்வீச்சுக்காக இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் நபர்.

1993-இல் சென்னையில் பிறந்தவர். தந்தை கோயில் அர்ச்சகர். 2004-இல் பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவற்றில் இடம் நிரம்பிவிட, எஞ்சியது வாள்வீச்சு. செலவு மிகுந்த விளையாட்டு ஆதலால் தந்தையின் வருமானத்தைக் கேட்டார்களாம். சேர்க்கமாட்டார்களோ என்று அஞ்சி, உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் ஒப்புக்கொண்டார். (அருட்சகோதரிகள் என்னைக் கோபிக்க வேண்டாம், நடந்ததைத்தான் எழுதுகிறேன்!) பயிற்சியும் மூங்கில் கழிகளைக் கொண்டுதான். உண்மையான வாள் போட்டிக்கு மட்டும். செலவுக்காகத் தாயார் நகைகளை அடகு வைத்தார்.

அவருடைய பிரிவு 'சேபர்'. இடுப்புக்கு மேலே, தலையும் கைகளும் உட்பட, எங்கும் தொடலாம். மணிக்கட்டுக்குக் கீழே கூடாது. வாளின் முனையாலும் தொடலாம், விளிம்பாலும் வெட்டலாம். வீராங்கனை அணியும் மேற்சட்டை நம் ஊர்ப் பெண்களுக்கு வியப்பூட்டும். நம் பட்டில் சரிகை ஓடுவதுபோல அதில் உலோக இழை ஊடுபாவாக ஓடுகிறது. இங்கே சரிகை அழகுக்கு, அங்கே மின்சாரத்துக்கு. எதிரியின் வாள் பட்டதும் மின்சுற்று முழுமையடைந்து விளக்கு எரியும். இருவர் விளக்கும் ஒன்றாக எரிந்தால், முறையாகத் தாக்குதலைத் தொடங்கியவருக்கே புள்ளி. அதைத் தீர்மானிப்பவர் நடுவர். முதலில் 15 புள்ளி எடுப்பவர் வெற்றி பெறுவார். பெண்களுக்கான சேபர் ஒலிம்பிக்கில் சேர்ந்ததும் 2004-இல், பவானி வாள் பிடித்த அதே ஆண்டில்.

2007-இல், 14 வயதில், துருக்கியில் அவருக்கு முதல் பன்னாட்டுப் போட்டி. களத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்ததால் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டனர். அடகு வைத்த நகைகளை எண்ணிப் பாருங்கள், அந்த மூன்று நிமிடத்தின் விலை புரியும். காலை மணி அடித்த பிறகு வாயிற்கதவருகே மூச்சிரைக்க நிற்கும் நம்மில் சிலருக்கும் இது நன்றாகப் புரியும்!

அதன்பின் கேரளத்தின் தலச்சேரியிலுள்ள விளையாட்டு ஆணையப் பயிற்சி மையத்திலும், இத்தாலியின் லிவோர்னோ நகரில் நிக்கோலா சனோட்டி என்ற பயிற்சியாளரிடமும் பயின்றார். 2017-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலும், 2018-இல் கான்பெராவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டு தந்தையை இழந்தார்.

26.7.2021 அன்று டோக்கியோவில் துனீசியாவின் நாடியா பென் அசிசியை 15–3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். புரூனே அப்போட்டியில் வெண்கலம் வென்றவர். ஆயினும் நாட்டு மக்களிடம் பவானி மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2023 ஜூனில் சீனாவின் ஊஷி நகரில் ஆசியப் போட்டி. கால் இறுதியில் எதிரே நின்றவர் உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுரா. அவரைப் பவானி 15–10 என்று வென்றார். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் சைனாப் தயிபெகோவாவுடன் 14–14 வரை சமமாகப் பொருதி, கடைசி ஒரு புள்ளியில் தோற்றார். கிடைத்த வெண்கலம், ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம்.