16 மணி நேரம் சும்மா உட்காருவது எப்படி?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 61 வயது. உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். பெண் டல்லாஸில் இருக்கிறாள், இது அவளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு நான் போயாக வேண்டும். வீட்டுக்காரர் கழனியையும் மாட்டையும் விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து டோஹா, அங்கே மாறி டல்லாஸ். இரண்டாவது விமானம் மட்டும் 16 மணி நேரமாம். திருப்பதிக்கு பஸ்ஸில் போய் வந்தாலே எனக்குக் கால் வீங்கும், முட்டிவலியும் உண்டு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், சுகர் இல்லை. இங்கிலீஷ் வராது. பாத்ரூம் போகக் கூச்சம். எல்லாவற்றையும்விட, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள் நான். அத்தனை நேரம் என்ன செய்வேன்? பேரன் 'படம் பாருங்க ஆயா' என்கிறான். படம் போட்டால் எனக்குக் கண் சொருகிவிடும்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாத்ரூம் போகக் கூச்சம். உங்கள் வயதுப் பெண்கள் விமானத்தில் படுகிற பாட்டில் முக்கால்வாசி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

என் அம்மாவின் முதல் பயணத்தைச் சொல்கிறேன். ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், ஏறியதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். 'பாவம், தூங்குற மனுஷன எப்படி எழுப்புறது' என்று அம்மா 14 மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்க வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் மாத்திரை எப்படி, அதையும் போடவில்லை. இறங்கியபோது பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பி, செருப்புக்குள் நுழையவில்லை. கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தார். மெட்டியைக் கழற்ற சோப்புத் தண்ணீரும் அரை மணி நேரமும் ஆயின. நீங்கள் மெட்டியையும் இறுக்கமான மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். சகுனம் பார்ப்பவர்கள் ஒரு அளவு பெரிய மெட்டியாக மாற்றிக்கொள்ளலாம்.

கால் ஏன் வீங்குகிறது? கழனியில் நாள் முழுக்கக் குனிந்து நடவு நடும்போது வீங்காத கால், சொகுசு நாற்காலியில் வீங்குகிறது. கெண்டைக்கால் சதை இருக்கிறதே, அதுதான் காலுக்கு மோட்டார். நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தால் மோட்டார் நின்றுவிடும், தண்ணீர் கீழேயே தேங்கும். தேங்கினால் வீக்கம், அபூர்வமாக ரத்தக்கட்டி. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

இதில் விமானத்தின் மேல் மட்டும் பழி போடக் கூடாது. 1940இல் லண்டன் மீது ஜெர்மானியர் குண்டு போட்டபோது ஜனங்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் துணி நாற்காலிகளில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அவர்களில் சிலர் குண்டு எதுவும் படாமலே, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியில் அழுத்தியதும் அசையாமல் இருந்ததும் காரணம் என்று கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அந்த ஆண்டே எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வும் விமானம், ரயில், பஸ், கார் எதுவானாலும் 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றுதான் சொன்னது. பயந்துவிடாதீர்கள். இரட்டிப்பானாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி வருகிறது. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருத்துவம் பார்ப்பவர்கள் மட்டும் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. பழைய தையல் மிஷினை மிதிப்பீர்களே, அதேபோல் உட்கார்ந்த இடத்தில் குதிகாலை ஊன்றி விரலைத் தூக்குங்கள், விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். மணிக்கு ஒரு தரம், இருபது முப்பது மிதி. விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பின்பக்கம்வரை ஒரு நடை. மருந்துக் கடையில் வெரிகோஸ் சாக்ஸ் என்று கேட்டால் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் இறுக்கமான காலுறை கிடைக்கும். கெண்டைக்காலை அளந்து வாங்குங்கள், கால் வீங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். காலுக்கு ரத்த ஓட்டமே குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிறையக் குடித்தால் ரத்தம் கட்டாது என்பது அடித்துச் சொல்லும்படி நிரூபணமான சங்கதி இல்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போயாக வேண்டும், எழுந்தால் கால் நடக்கும். எனக்கு அந்த லாபம் போதும். போதாததற்கு விமானக் காற்றில் ஈரம் ரொம்பக் குறைவு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. நம் ஊர்ப் புழுக்கத்தில் வளர்ந்த மூக்கும் தொண்டையும் அதில் காய்ந்து போகும். உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், சின்ன டப்பாவில் போதும்.

இப்போது இருக்கை. குடவோலையில் பெயர் எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர்க்காரர் நீங்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உங்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஆனால் விமான இருக்கையை மட்டும் குலுக்கலுக்கு விட்டுவிடாதீர்கள். சும்மா இருந்தால் கம்ப்யூட்டர் எதையாவது கொடுத்துவிடும், பெரும்பாலும் நடு இருக்கை. காசு கொஞ்சம் கூட ஆனாலும் பாதையோர இருக்கையை முன்கூட்டியே பெண்ணிடம் போடச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்தால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கடைசி வரிசை வேண்டாம். அங்கே பல விமானங்களில் இருக்கை பின்னால் சாயாது, பாத்ரூம் வரிசையும் உங்கள் தோள்மேல்தான் நிற்கும்.

அந்த பாத்ரூமைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, நான் சொல்கிறேன். கதவு நடுவில் அமுக்கினால் உள்ளே மடங்கும். தாழ்ப்பாளை முழுக்கத் தள்ளினால்தான் விளக்கு நன்றாக எரியும், இருட்டாக இருக்கிறதென்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்தவர்கள் உண்டு. பொத்தானை அழுத்தியதும் ஆளையே இழுத்துவிடும்போல ஒரு சத்தம் வரும், ஒன்றும் ஆகாது. மேலே ஏறிக் குந்தாதீர்கள். பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். கைப்பையில் ஒரு காலி அரை லிட்டர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கைகழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். சாப்பாடு கொடுத்து முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வரிசை கட்டுவார்கள். சாப்பாட்டு வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் அங்கே பலூன் மாதிரி ஊதி நிற்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி அளவுதான், 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். பாக்கெட்டுக்கு நேர்வது வயிற்றுக்கும் நேரும். அதனால் முதல் நாள் மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைகோஸ், சோடா எதுவும் வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆறை கட்டிக்கொண்டு முதல் விமானத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். சட்னி, தயிர்சாதம், எண்ணெய் மிதக்கும் ஊறுகாயெல்லாம் பாதுகாப்புச் சோதனையில் நின்றுபோகும். பெண்ணுக்கென்று கொப்பரைத் தேங்காய் எடுத்துவைத்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீப்பிடிக்கும் பொருள் வகையில் சேர்த்திருக்கிறார்கள், பெரிய பெட்டியிலும் விடமாட்டார்கள்.

விமானச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று எல்லாரும் திட்டுவார்கள். பாதிக் குற்றம் நாக்கினுடையது. லுஃப்தான்சா விமான நிறுவனம் கேட்டு ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் செய்துபார்த்த சோதனையில், குறைந்த அழுத்தத்திலும் காய்ந்த காற்றிலும் உப்பும் இனிப்பும் மங்கிப்போகின்றன, புளிப்பும் காரமும் அவ்வளவாக மங்குவதில்லை என்று தெரிந்தது. நம் பாட்டிமார் பயணத்துக்குப் புளியோதரை கட்டியது கெடாமல் இருக்கத்தான். ஆகாயத்துக்கும் அது பொருந்துகிறது. நீங்கள் சைவமென்றால் இன்னொன்று: டிக்கெட்டில் 'இந்து மீல்' என்று குறித்துவிடப் போகிறார்கள், அதில் கோழியோ ஆட்டுக்கறியோ மீனோ வரும். 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று குறிக்கச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு நாள் முன்னதாக.

மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். அட்டையோடும் சீட்டோடும் கைப்பையில். பிரஷர் மாத்திரைகளில் ஒன்று சிறுநீர் அதிகம் போகவைப்பதாக இருந்தால், எப்போது போடுவதென்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். டோஹாவில் வழி தெரியாதே என்ற கவலைக்கு, முட்டிவலி இருப்பதால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி கேட்டுவிடுங்கள், அடுத்த விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் வாசலுக்குப் போனதும் வண்டியைவிட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி, பொழுது. படம் பார்த்தால் தூக்கம் வரும் என்கிறீர்கள். நல்லதாயிற்று, தூக்கம் வேண்டும்போது போட்டுக்கொள்ளுங்கள். வளைகுடா விமானங்களில் தமிழ்ப் படங்களும் இருக்கும், எதிரே உள்ள திரையில் மொழியை மாற்றப் பேரனிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அதில் பிடித்தது படமல்ல, வரைபடம். சின்ன விமானப் பொம்மை ஒன்று கடலைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். எத்தனை மணி பாக்கி, வெளியே எத்தனை டிகிரி குளிர் என்றெல்லாம் காட்டும். மைனஸ் 50ஐத் தாண்டும்போது போர்வை இதமாகிவிடும்.

ஆனால் உங்கள் கைக்கு வேலை வேண்டும், எனக்குப் புரிகிறது. ஒயர் கூடை பின்னத் தெரியுமா? உங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஊசி வேண்டாத கைவேலை அது. கத்தரிக்கோலைத்தான் விடமாட்டார்கள் என்பதால் ஒயரை வீட்டிலேயே அளந்து வெட்டி, அடிப்பாகத்தைப் பின்னி முடித்து எடுத்துப்போங்கள். பாதிக்கூடையாக இருந்தால் சோதனை செய்பவருக்கும் என்னவென்று பார்த்ததும் புரியும். என்னிடம் வரும் ஒரு அம்மா இப்படித்தான் நியூஜெர்சி போய்ச் சேர்ந்தார். விளக்கணைத்த விமானத்தில் தலைக்குமேல் குட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு மஞ்சளும் பச்சையுமாகப் பின்னினாராம். பணிப்பெண்கள் இரண்டு பேர் மாறி மாறி வந்து பார்த்தார்களாம், ஒருத்தி முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாளாம். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அதற்குப் பிறகு தண்ணீர் கேட்க இவர் கூச்சப்படவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, முதல் முறை லண்டன் வருகிறார். இரவு முழுக்கத் தூங்கிவிட்டால் கஷ்டம் தெரியாது என்று தூக்க மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் கொடுத்தனுப்பலாமா?

- வாசகர், வாலாஜாபாத்

பதில்: இரண்டும் வேண்டாம். மாத்திரை போட்டுத் தூங்குபவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார், கழுத்து ஒருபக்கம், கால் ஒருபக்கம் மடங்கிக் கிடக்கும். நடு இரவில் எழுந்து தள்ளாடி விழுந்தால் அது வேறு வம்பு. பிராந்தி ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆஸ்பிரின் ஏற்கெனவே இதயத்துக்காகச் சாப்பிடுபவர் தொடரட்டும், பயணத்துக்கென்று புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. இறங்கும்போது காது அடைக்கும், அப்போது அவர் விழித்திருக்க வேண்டும். சட்டைப்பையில் நாலு புளிப்பு மிட்டாய் போட்டுவிடுங்கள், சப்பி விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

கேள்வி: அமெரிக்கா போகும்போது தலைநிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு விமானம் ஏறலாமா?

- வாசகி, உத்திரமேரூர்

பதில்: ஏறலாம். ஒரு முழம் போதும், பக்கத்து இருக்கைக்காரரும் 16 மணி நேரம் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். ஆனால் பூ, இலை, பழம் எதுவானாலும் அங்கே சுங்கத்தில் சொல்லியாக வேண்டும். கறிவேப்பிலையைப் பறிமுதல் செய்தே விடுவார்கள். பூ எப்படியும் பாதி வழியில் வாடிவிடும். இறங்குவதற்கு முன் குப்பை வாங்க வருபவரின் பையில் போட்டுவிடுங்கள்.