கணினி பழுதுபார்ப்பும் நெட்வொர்க்கிங்கும்: எங்கே தொடங்குவது?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் என்னைத் தேடி வரும் தம்பி தங்கைகள் பலர் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "அண்ணே, கம்ப்யூட்டர்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா ரிசல்ட் சுமார்தான். ரிப்பேர், நெட்வொர்க் லைன்ல போகலாமா?"

தாராளமாகப் போகலாம். பல வருடம் இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் இரண்டு வகைப் பிள்ளைகளைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். ஒருவன் கடையில் ஐந்து வருடம் லேப்டாப் கழற்றி மாட்டியவன். வேலை அத்துப்படி. கையில் ஒரு சான்றிதழும் இல்லாததால் பெரிய கம்பெனியில் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இன்னொருவனிடம் சான்றிதழ் மூன்று இருக்கும். கேபிளைக் கையில் கொடுத்தால் முழிப்பான். இந்த இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலை. ஓர் அலுவலகத்தில் பத்து கணினி. ஒன்பதில் இணையம் வருகிறது, ஒன்றில் வரவில்லை. புதிதாக வந்த பையன் என்ன பண்ணுவான்? ஓடிப்போய் ரூட்டரை ஆஃப் பண்ணுவான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்பது பேருக்கும் வேலை நின்றுபோகும், நல்ல ஏச்சு கிடைக்கும். ஒன்பதில் வருகிறது என்றாலே ரூட்டரும் வெளியிலிருந்து வரும் லைனும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு பெரும்பாலும் அந்த ஒரு கணினியில், அல்லது அதன் கேபிளில், அல்லது நெட்வொர்க் சுவிட்சில் அது செருகியிருக்கும் போர்ட்டில்.

இனி கீழிருந்து மேலே போங்கள். கேபிள் செருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் வேறு கேபிள், பிறகு வேறு போர்ட். விளக்கு எரிந்தால் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் அடியுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், கணினி முகவரி கேட்டும் டிஎச்சிபி-யிடமிருந்து பதில் கிடைக்கவில்லை, அதனால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். 192.168.1.25 போல மற்ற கணினிகளோடு பொருந்தும் முகவரி இருந்தால் அடுத்தது பிங். முதலில் 127.0.0.1. இது கணினி தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது. பிறகு கேட்வே, அதாவது ரூட்டரின் முகவரி. பிறகு 8.8.8.8, இது கூகுளின் டிஎன்எஸ். கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வருது, பெயருக்கு வரலைன்னா டிஎன்எஸ்-ஐத்தான் பார்க்க வேண்டும். (சில இடங்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். பதில் வரவில்லை என்பதற்காக மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.) எல்லாம் ஐந்து நிமிட வேலை. விண்டோஸை அழித்துப் போட்டிருந்தால் அரை நாள் போயிருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

வீட்டிலேயே பழக ஒரு கிரிம்பிங் டூலும் கொஞ்சம் கேட் 5இ கேபிளும் வாங்கிக்கொள்ளுங்கள். டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை இரண்டும் ஏன் பிரிந்து 3-லும் 6-லும் நிற்கின்றன என்று பலர் யோசிப்பதில்லை. அழகுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே மாதிரி செய்தால் மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் முறுக்கிய சோடி பிரிந்துபோனதால் சிக்னல் கலங்கி, நெட்வொர்க் விட்டுவிட்டு வரும். இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள், மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பழுதுபார்ப்பில் இரண்டே எச்சரிக்கை. பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஃபார்மட் செய்யும் முன் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். அவருடைய பிள்ளைகளின் படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது சான்றிதழ். நம் நாட்டில் ஜேபிகே என்னும் திறன் மேம்பாட்டுத் துறை, 2006-ஆம் ஆண்டின் 652-ஆவது சட்டத்தின் கீழ் திறன் சான்றிதழ் வழங்குகிறது. 1 முதல் 3 வரை எஸ்கேஎம், 4-ஆம் நிலை டிகேஎம், 5-ஆம் நிலை டிஎல்கேஎம். சேர்க்கை நிபந்தனை நிலையத்துக்கு நிலையம் மாறும், ஆனாலும் எஸ்.பி.எம். சுமார் என்பதால் கதவு மூடிவிடாது. பிடிபிகே கடன் கொடுக்கிறது. கடன் என்பதை மறக்க வேண்டாம், திருப்பிக் கட்டணும். பணம் கட்டும் முன், நீங்கள் சேரும் அந்தப் பாடத்துக்கும் அந்த நிலைக்கும் அந்த நிலையம் ஜேபிகே அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று துறையிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு முழுக் கட்டணமும் கட்டிய பிறகுதான் இல்லை என்று தெரிந்தது.

அனைத்துலகச் சான்றிதழ் என்றால் காம்ப்டியா ஏ பிளஸ் முதலில். அதற்கு இரண்டு தேர்வு. நெட்வொர்க்குக்கு சிஸ்கோவின் சிசிஎன்ஏ, 2020 முதல் 200-301 என்ற ஒரே தேர்வு. இரண்டுமே 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியவை. பெயர் பெரிசா இருக்குன்னு நேராக சிசிஎன்ஏ-வுக்கு ஓடாதீர்கள். மேலே சொன்ன பிங் வரிசை உங்களுக்கு மனப்பாடமாக இல்லாமல், ஏன் என்று புரிந்த பிறகு போங்கள்.

ஏற்கெனவே கடையில் வேலை செய்பவர்களுக்கு பிபிடி என்ற வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் ஆதாரத்தைக் காட்டி மதிப்பீட்டில் தேறினால் எஸ்கேஎம் கிடைக்கும். அதற்கு ஆதாரக் கோப்பு வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: வேலை செய்திருப்பார்கள், காட்ட ஒன்றும் இருக்காது. இன்றைக்குப் பார்த்த வேலையிலிருந்தே ஆரம்பியுங்கள். என்ன கோளாறு, என்னென்ன சோதித்தீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று தேதி போட்டு ஒரு பக்கம் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, படத்தோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.