குடம் அடிக்கும் தம்பிக்கு



வில்லுப்பாட்டுக் குழுவில் குடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, விடிய விடிய ‘ஆமாம்’ போடுவதெல்லாம் ஒரு வேலையா என்ற சலிப்பு உன் வயதில் வரத்தான் செய்யும்.   திருநெல்வேலி, நாஞ்சில்நாடு பக்கத்துக் கோவில் கொடை விழாக்களில் வளர்ந்த கலை உன்னுடையது. கொடை ராத்திரியில் கதையை நகர்த்துவது தலைமைப் பாடகரான அண்ணாவியின் மனப்பாடம் என்று ஊர் நினைக்கிறது. மேடையில் இருக்கும் ஐந்தாறு பேர் தங்களுக்குள் ஆடிக்கொள்கிற விளையாட்டுதான் அதை நகர்த்துகிறது என்பது என் கட்சி. அந்த விளையாட்டில் உன் பங்கு சின்னதில்லை.

முதலில் கருவியையே பார். வில்லின் வளைந்த முதுகு குடத்தின் கழுத்தை அண்டி நிற்கிறது. அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டும்போது வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாகக் குலுங்குகின்றன. நீ பத்தி என்கிற மட்டையால் குடத்தின் வாயில் அறையும்போது உள்ளே இருக்கும் காற்று ‘கும்’மென்று எழுகிறது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருப்பதால், நீ ஒரு இமைப்பொழுது பிந்தினாலும் அவருடைய அடி தள்ளாடும். பேச்சும் இதே கணக்குதான். “ராசாவுக்குப் பிள்ளையில்லை” என்று அவர் இழுக்கிறார். அடங்கிய குரலில் நீ ‘ஆமா’ என்றால் அது துக்கம். “அடடா, ஏன் இல்லையாம்?” என்று கேட்டால், முன்வரிசையில் தூங்கி விழுகிற கிழவி நிமிர்ந்து உட்காருவாள், அவள் மனதில் இருந்த கேள்வியை நீ கேட்டுவிட்டாய். “ராசாவுக்கே இல்லையா!” என்று சீண்டினால் சிரிப்பு. மூன்றில் எதை எடுப்பது என்று ஏட்டில் எழுதியிருக்காது. அண்ணாவி அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்பதையும் பாதி நீதான் தீர்மானிக்கிறாய்.

ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தென்கோடி வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கதையின் உச்சமும் சாமியாடிக்கு அருள் வரும் நேரமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை அதில் விரிவாகக் காட்டினார். குழுவுக்கு இதன் பொருள் என்ன? சாமி வரத் தாமதமானால் பாட்டு நீள வேண்டும், வந்துவிட்டால் குடமும் உடுக்கையும் ஏற வேண்டும். கையைத் தூக்கிச் சைகை காட்ட அங்கே ஆள் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் படிக்கத் தெரிந்தவர்களால்தான் அது முடியும். வெட்டிப்பேச்சும் கிண்டலுமாக ராத்திரியின் முதல் பாதியைப் போக்கிய குழுவுக்கு அந்தப் பழக்கம் தானாகவே வந்திருக்கும்.

சாமி காரியத்தில் கிண்டல் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. கிண்டல் எல்லை மீறிய மேடைகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வெட்டுப்பட்டுச் செத்தவனின் கதையில் அந்த வெட்டு விழும் இடம் வரும்போது நல்ல குழுவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் கனப்பதற்கே அதுவரை பேசிய பேச்சு வேண்டியிருக்கிறது. தலைகீழான ஆபத்தும் உண்டு. என்.எஸ். கிருஷ்ணனும், அவர் சென்னைக்கு அழைத்து வந்த சுப்பு ஆறுமுகமும் இந்தக் கலையை நகரத்து மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார்கள். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வழியில் பின்னால் வந்த பல பிரச்சார நிகழ்ச்சிகளில் ‘ஆமாம்’ என்பது வருகைப்பதிவு மாதிரி ஆகிவிட்டது. எழுதிக்கொடுத்த இடத்தில் எழுதிக்கொடுத்தபடி. உன் சலிப்பு அப்படிப்பட்ட மேடைகளில் பிறந்ததென்றால் அது நியாயமான சலிப்பு.

திறமை உள்ளவன் தனியாகப் போக வேண்டாமா என்பாய். போகலாம். விக்கு விநாயக்ராம் கடத்தை உலக மேடைக்குக் கொண்டுபோனார். ஆனால் எந்த வழியாக? 1970-களில் ஜாகிர் உசேன், எல். சங்கர், ஜான் மெக்லாலின் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் உட்கார்ந்து, ஒருவர் வீசும் சொற்கட்டை இன்னொருவர் வாங்கித் திருப்பி அடிக்கும் ஆட்டத்தின் வழியாகத்தான். அவர் வாசித்ததும் மண்பானைதான், தம்பி.

கடினமான ஆட்சேபம் வேறு: நோட்டீஸில் அண்ணாவி பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது, சம்பளத்திலும் அப்படியே, இதில் விளையாட்டு வயிற்றை நிரப்புமா? நிரப்பாது. கம்பெனிகளில் வருஷத்துக்கொரு நாள் கயிறு இழுக்க வைத்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட்டு, சம்பள உயர்வைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பார்களே, அந்தத் தந்திரத்தை நான் உனக்கு விற்கவில்லை. கூடி ஆடுவதில் அர்த்தம் இருக்கிறது என்பதாலேயே கூலி குறையலாம் என்று ஆகாது. கதையில் பாதி உன்னுடையது என்றால் பேசிய தொகையிலும் உன் பங்கு தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கொடைக்கு வெற்றிலை பாக்கு மாற்றும்போதே அண்ணாவியிடம் இதைப் பேசு. கோபமாக வேண்டாம், விவரமாகப் பேசு. நோட்டீஸில் குடம் என்று போட்டு உன் பெயரையும் அச்சடிக்கச் சொல். அதற்கு முன் ஒத்திகையில் ஒரு நாள் இடம் மாற்றி உட்காரக் கேட்டுப் பார். நீ வீசுகோலைப் பிடி, அவர் குடம் அடிக்கட்டும்.