பெருங்கணினியில் லினக்ஸ்: வலையமைப்பே முதற்படி

ஓர்ஸ் ஹில்லில் வாழ்ந்து உள்துறைமுகத்தை நாளும் கண்டு வளர்ந்தோர்க்கு ஓருண்மை இளமையிலேயே புலனாகும். நடுநீரில் நங்கூரமிட்ட கப்பல் எத்துணைப் பெரிதாயினும், கரைக்கும் அதற்குமிடையே ஒரு படகேனும் ஓடாவிடின் அதன் சரக்கால் ஊருக்குப் பயனில்லை. பெருங்கணினியின் இயல்பும் அத்தகையதே. அதில் லினக்ஸ் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையை நிறுவுங்கால் வலையமைப்பை எங்ஙனம் அமைத்தல் வேண்டுமென்பதை, நம் கல்லூரி மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

முதற்கண் வரலாறு சிறிது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் சிஸ்டம்/360 என்னும் பெருங்கணினி வரிசையை அறிவித்தது. வங்கி, காப்புறுதி முதலிய துறைகளின் கணக்குகளை இன்று தாங்கிநிற்கும் அந்நிறுவனத்தின் பெருங்கணினிகள் அவ்வரிசையின் வழித்தோன்றல்களாம். லினக்ஸோ 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் எளிய மேசைக் கணினிக்கென எழுதப்பெற்றது. 1999 டிசெம்பரில் ஐ.பி.எம். வெளியிட்ட நிரல்கள் இவ்விரண்டையும் இணைத்தன. 2002 இல் வெளிவந்த டெபியன் 3.0 பெருங்கணினிக்கும் இடமளித்தது.

மேசைக் கணினியில் திரையும் விசைப்பலகையும் கையருகே உள்ளன. ஆதலின் வலையமைப்பை இறுதியிலும் அமைத்துக்கொள்ளலாம். பெருங்கணினியில் அவ்வாறன்று. நிறுவுவோனுக்குத் தொடக்கத்தில் கிடைப்பது வரி வரியாய் எழுத்துக் காட்டும் இயக்குநர் முனையம் ஒன்றே. வண்ணப் பட்டியல்களுக்கு அங்கே இடமில்லை. டெபியனில் கேள்விகள் ஒவ்வொன்றாய் வரும். எண்ணை விடையாய்க் கொடுத்தல் வேண்டும். வலையமைப்பு உயிர்பெற்ற பின்னரே வேறொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக உட்புகுந்து எஞ்சிய பணியைத் தொடரலாம். எனவே வலையமைப்புத் தவறினால் நிறுவலே நின்றுவிடும்.

நிறுவத் தொடங்குமுன் நான்கு செய்திகளைத் தாளிற் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஒன்று, இணைப்பின் வகை. வெளிவலைக்குச் செல்வது ஓ.எஸ்.ஏ. என்னும் இணைப்பட்டை. ஒரே பெருங்கணினிக்குள் உள்ள முறைமைகள் தம்முட் பேசுவது ஹைப்பர்சொக்கெற் வழி. இவ்விரண்டையும் இயக்குவது கியூ-எத் என்னும் நிரல். சி.ரி.சி. என்பது பழைய, இருமுனை இணைப்பு.

இரண்டு, சாதன எண்கள். ஓ.எஸ்.ஏ. இணைப்புக்கு மூன்று எண்கள் வேண்டும்: வாசிக்க ஒன்று, எழுத ஒன்று, தரவுக்கு ஒன்று. வாசிக்கும் எண் இரட்டைப்படையாதல் வேண்டும். எழுதும் எண் அதற்கு அடுத்ததாதல் வேண்டும். 0600, 0601, 0602 என்பது எடுத்துக்காட்டு.

மூன்று, அடுக்கு. இரண்டாம் அடுக்கில் ஈதர்நெற் சட்டகம் முழுவதும் செல்லும். மூன்றாம் அடுக்கில் ஐ.பி. பொதி மட்டுமே செல்லும். பெருங்கணினிக்குள் அமைந்த மெய்நிகர் ஆளி ஓரடுக்கிலும் நாம் மற்றோர் அடுக்கிலும் நின்றால், எல்லாம் சரியெனத் தோன்றியும் ஒரு பொதியும் கரை சேராது.

நான்கு, முகவரிகள்: ஐ.பி. முகவரி, உபவலை மறைமுகம், நுழைவாயில், பெயர்ச் சேவையகம். இவற்றை வலையமைப்பு நிருவாகியிடம் கேட்டறிதலே முறை, ஊகித்தல் தகாது.

நாம் பட்ட பாடொன்றையும் மறைக்காது கூறுவோம். அயல்நாட்டு நிறுவனமொன்றிற் பணியாற்றிய காலை, 0608, 0609, 0610 என எண்களை இட்டு இரவு முழுதும் விழித்திருந்தோம். இணைப்பு எழவில்லை. அவ்வெண்கள் பதினாறன் அடியில் எழுதப்படுவன. 0609 க்கும் 0610 க்குமிடையே வேறு ஆறு எண்கள் உள என்பது விடியலிலேதான் நினைவுக்கு வந்தது. வகுப்பறையிற் பயனற்றதெனக் கருதிய பாடம் அன்று நம்மைப் பார்த்து நகைத்தது.

இணைப்பு எழுந்ததும் ஒழுங்காகச் சோதித்தல் வேண்டும். முதலில் நுழைவாயிலை அழைத்துப் பார்க்க. அடுத்து வெளி முகவரி ஒன்றை எண்ணால் அழைக்க. இறுதியில் பெயரால் அழைக்க. எப்படியில் விடை நின்றதோ அப்படியிலேயே பிழையைத் தேடலாம்.

“பெருங்கணினிக்கு நாம் எங்கே போவது?” என மாணவர் வினவுதல் கூடும். அதற்கும் வழியுண்டு. றொஜர் பௌலர் என்பவர் தொடங்கி, 1999 முதல் வழங்கிவரும் ஹேர்க்குலிஸ் என்னும் திறந்த மூல நிரல், மடிக்கணினிக்குள்ளேயே பெருங்கணினியைப் போலச் செய்து காட்டும். வேகம் குறைவெனினும் பாடம் ஒன்றே. அதில் சி.ரி.சி. இணைப்பிலிருந்து தொடங்குதல் எளிது. அதற்கு இரண்டு சாதன எண்களே போதும். ஆயின் மடிக்கணினியானது பொதிகளை மேலனுப்புமாறு அமைக்கப்படாவிடின், உள்ளிருக்கும் லினக்ஸ் அம்மடிக்கணினியோடு மட்டுமே பேசும். லினக்ஸின் புதிய பதிப்புகள் புதிய செயலிகளையே வேண்டுதலால், சற்றுப் பழைய பதிப்பொன்றைத் தெரிதல் நன்று.

கோடிக்கணக்கிற் பொருள் பெறும் இயந்திரம் நம்மூரில் இல்லாமையால் அதன் கல்வியும் நமக்கு இல்லையென எண்ணுதல் வேண்டா. நிரல் இலவசம், வேண்டியவை ஒரு மடிக்கணினி, ஒரு தாள், சில இரவுகளின் பொறுமை. பழைய மாணவராகிய நாம் வெளியூர்களில் விழித்துக் கற்றதை, இன்றைய மாணவர் இம்மேட்டில் தம் வீட்டிலிருந்தே கற்கலாம். கற்பாராக.