கணனிப் பதிவேடு: எதை மறைப்பது, எதைப் பார்ப்பது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல கடைகளில் இன்று பில் போடுவது கணனிதான். அக்கணனி தனக்குள் நடப்பவற்றை ‘லொக்’ எனும் பதிவேட்டில் வரி வரியாக எழுதி வைக்கிறது. வியாபாரிகள் அதைத் திறந்து பார்ப்பது அரிது. ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்தால் யார்தான் வாசிப்பார்? எனவே தேவையற்ற வரிகளை மறைக்க விதிகள் எழுதுகிறோம். அந்த விதி பிழைத்தால் நட்டம் கடைக்கே.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. அக்காலத்தில் நான் அறிந்த வெள்ளவத்தைக் கடையொன்றின் கணனியில் யூ.பி.எஸ். பற்றிய செய்திகள் குவிந்தன. ஆங்கிலத்தில் வந்த அவற்றை விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன். மின்சாரம் போனால் ‘பெட்டரியில் இயங்குகிறது’, வந்தால் ‘பெட்டரி நிறுத்தப்பட்டது’. சலித்துப்போன ஊழியர் ‘பெட்டரி’ என்ற சொல்லுள்ள எல்லா வரிகளையும் மறைக்க விதி எழுதினார். ‘பெட்டரியை மாற்றவும்’ என்ற எச்சரிக்கையும் அதோடு மறைந்தது. அடிக்கடி முழுதாக இறங்கும் பெட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். அடுத்த மின்வெட்டில் கணனி சட்டென அணைந்தது. அன்றைய விற்பனையை பில் பிரதிகளைப் பார்த்து மீண்டும் பதிய இரண்டு நாட்கள் சென்றன.

கடைக் காவலாளியிடம் ‘வெள்ளைச் சட்டைக்காரரை உள்ளே விடு’ என்று நாம் சொல்வதில்லை. ஆளைக் குறிப்பிட்டே சொல்கிறோம். விதியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

1. ஒரு சொல்லை அல்ல, முழுச் செய்தியையும் எழுதுங்கள். ^ என்பது தொடக்கம், $ என்பது முடிவு. ‘^பெட்டரியில் இயங்குகிறது$’ என்றால் அச்செய்தி மட்டுமே மறையும். வரியின் முன்னால் திகதியும் நேரமும் இருந்தால் அவற்றுக்கும் விதியில் இடம் வேண்டும். [0-9] என்பது ஏதாவது ஓர் இலக்கத்தைக் குறிக்கும்.

2. முடிவைத் திறந்து விடாதீர்கள். முதலாளியின் கணனி 192.168.1.1 எனில், அந்த எண்ணை மட்டும் எழுதிய விதி 192.168.1.15 இலிருந்து நுழைபவரையும் மறைத்துவிடும். மேலும் இவ்விதிகளில் வெறும் புள்ளி எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும். புள்ளியையே குறிக்க \. என்று எழுத வேண்டும்.

3. தெரிந்ததை மட்டும் மறையுங்கள். தெரியாததெல்லாம் கண்ணில் படட்டும். கணனிப் பாதுகாப்பு நிபுணர் மார்கஸ் ரேனம் 1990களில் இம்முறையை ‘செயற்கை அறியாமை’ என்று அழைத்தார். ஆபத்துகளை மட்டும் பட்டியலிட்டுத் தேடினால், பட்டியலில் இல்லாத புது ஆபத்து தப்பிவிடும்.

4. புதிய விதியைச் சென்ற மாதப் பதிவேட்டில் முதலில் ஓட்டி, எவை மறைகின்றன என்று வாசியுங்கள். மூலப் பதிவேட்டை அழிக்காதீர்கள்; பார்வைக்கு வருவதை மட்டும் வடிகட்டுங்கள்.

உங்கள் கணனியைப் பராமரிப்பவர் அடுத்த முறை வரும்போது, மறைக்கப்படும் செய்திகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஏன் மறைத்தார் என்று அவர் விளக்க வேண்டும். விளக்க முடியாத விதியை அன்றே நீக்கச் சொல்லுங்கள்.