மலைச் சரக்கும் சந்தை விலையும்

சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீரானது கிளியூருக்கு அருகே ஏறக்குறைய 300 அடி ஆழத்தில் அருவியாக வீழ்கின்றது. அதனைக் காண ஜனங்கள் திரளாக வருகின்றனர். அதே மலையிலிருந்து மிளகும் காப்பியும் பலாவும் ஆரஞ்சும் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குவதை நின்று பார்ப்பவர் எவருமிலர். அம்மூட்டைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் அவற்றின் விலை எவ்வளவு உயர்கின்றது, அவ்வுயர்வில் விளைவித்தவன் கைக்கு வருவது எவ்வளவு என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1820-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லா கலெக்டராக வந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அதன்பின் பெரிய தோட்டங்கள் ஒருபுறம் வளர்ந்தன. மற்றொருபுறம், மலையாளிகள் எனப்படும் மலைவாழ் குடிகள் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வந்த நிலங்களில், நாளடைவில் வீட்டைச் சுற்றிச் சில சென்டு அளவில் காப்பிச் செடியும், நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் ஏறின. பெரிய தோட்டக்காரருக்கு உலர்களம் உண்டு; கிடங்கு உண்டு; விலை ஏறும் வரை காத்திருக்கப் பணமும் உண்டு. சிறு குடியானவனுக்கு இருப்பது வீட்டு வாசலும் இரண்டு பாய்களும் மாத்திரமே. ஆதலின் இருவரும் ஒரே நாளில் ஒரே ஊரில் விற்றாலும் ஒரே விலை பெறுவதில்லை. காப்பியைப் பொறுத்தவரை 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைச்சல் யாவும் காப்பி போர்டாரின் பொதுக் குவியலில் சேர்க்கப்பட்டு விற்கப்பட்டு வந்தது. பணம் தவணை தவணையாகத் தாமதித்து வந்தது என்ற குறை இருந்த போதிலும், விலையை ஒருவாறு தாங்கிப் பிடிக்க ஒரு கை இருந்தது. 1990-களில் அவ்வேற்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் முற்றிலும் நீங்கிற்று. அது முதல் சிறு குடியானவனும் தன் சரக்குக்குத் தானே விலை பேச வேண்டியவனானான்.

மிளகை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் வருஷத்துக்கு 50 கிலோ உலர்ந்த மிளகு கிடைக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். புரட்டாசியில் வீட்டுச் செலவுக்குப் பணம் முடைப்படுகிறது. வியாபாரி ஒருவர் ரூ. 10,000 முன்பணம் கொடுக்கிறார். வட்டி என்ற பேச்சே எழுவதில்லை. ஆனால் மாசியில் மிளகு முழுவதையும் அவருக்கே, கிலோ ரூ. 450 வீதம், கொடுத்துவிட வேண்டுமென்பது பேச்சு. மாசியில் சந்தை விலை ரூ. 600 என்று கொள்க. ஈரக்கழிவு என்று ஒரு கிலோவும் தள்ளப்படுகிறது. ஆகவே 49 கிலோவுக்கு அவ்வீட்டார் பெறுவது ரூ. 22,050. சந்தையில் 50 கிலோவும் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது ரூ. 30,000. வித்தியாசம் ரூ. 7,950. பத்தாயிரம் ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் இவ்வளவு போகுமானால், மாதம் நூற்றுக்கு ஏறக்குறைய ரூ. 16 வட்டியாகின்றது. இவ்வட்டியை வெளிப்படையாகக் கேட்டால் எவரும் இசையார். வட்டியில்லாக் கடன் என்ற பெயரால் வந்தமையாலேதான் அது இனிக்கின்றது. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாது செலுத்துவோருக்கோ வட்டியே இல்லை என்பது அங்கத்தினர் அறிந்ததே.

எனினும் வியாபாரியை நாடுவோரைக் குறை கூறுவதால் பயனில்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அவர் வீட்டுக் கதவு திறக்கும். சங்கத்தின் கதவு மறுநாள் பத்து மணிக்கே திறக்கும். சங்கம் பட்டாவையும் அடங்கலையும் கேட்கும். வியாபாரி முகத்தை மாத்திரம் பார்ப்பார். பட்டா இல்லாத மலைநிலத்தில் பயிரிடுவோருக்கு இது சிறிய விஷயமன்று. சங்கத்தார் அவசரச் செலவுக்குச் சிறு தொகைக் கடன் விரைவிற் கொடுக்க வழிசெய்யாதவரை, பூவிலேயே மிளகை விற்கும் வழக்கம் உபதேசத்தால் ஒழியாது.

இனி, சந்தையில் நடக்கும் கழிவுகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். துண்டினடியில் விரல் பிடித்து விலை பேசுதல், மாதிரி என்று கைநிறைய அள்ளுதல், தரகு, மகமை, எடைக்கூலி, சாக்குக் கழிவு என்று ஒவ்வொன்றாய்ப் பிடித்தல் ஆகியவை நெடுநாளைய வழக்கங்கள். 1928-ல் வெளியான ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கை இவற்றை எடுத்துக்காட்டி, ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டுமென்று வற்புறுத்திற்று. சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டு வியாபாரப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதற் சந்தை ஏற்பட்டது. திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தியும் மஞ்சளும் பலர் அறிய ஏலம் விடப்படும் முறையும் இக்கருத்தைத் தழுவியதே. விலை வெளிப்படையாகக் கூறப்பட்டு, எடை பலர் கண்முன் போடப்பட்டால், கழிவுகளிற் பாதி தாமே மறைந்துவிடும்.

ஆனால் கீரையும் அவரையும் கத்தரியும் ஏலத்துக்குக் காத்திரா. அவற்றிற்கென ஏற்பட்டது உழவர் சந்தை. பஞ்சாபில் 1987-ல் ‘அப்னி மண்டி’ என்னும் பெயராலும், ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ என்னும் பெயராலும் இம்முறை தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14-ந் தேதி மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. 2001-க்குப் பின் சில ஆண்டுகள் ஆதரவு குன்றிக் கிடந்து, 2006-க்குப் பின் மீண்டும் கவனிக்கப்பட்டது. சேலத்தில் சூரமங்கலம், தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை முதலிய இடங்களில் இச்சந்தைகள் உள.

இச்சந்தையின் விதிகள் எளியவை. நிலத்தில் இன்ன பயிர் உள்ளது என்று அதிகாரிகள் பார்வையிட்டுச் சான்று கூறிய பின் குடியானவனுக்குப் புகைப்படத்துடன் கூடிய அட்டை கொடுக்கப்படும். அட்டைக்குரியவரும் அவர் குடும்பத்தாருமே விற்கலாம். கடைக்கு வாடகையில்லை, தராசும் இலவசம். ஒவ்வொரு நாளும் காலையில் விலை நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். மொத்த விலைக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 20 அதிகமாகவும், வெளிக்கடைச் சில்லறை விலைக்கு 15 குறைவாகவும் இருக்கும்படி அது கணிக்கப்படுகின்றது. விற்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம்; நடுவில் நின்றவர் பங்கை இருவரும் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதே இதன் சூட்சுமம். வியாபாரிகள் பிறர் அட்டையைக் கொண்டு உள்ளே புகுவதுதான் இதன் தீராத நோய். அட்டையை இரவல் கொடுக்கும் குடியானவன் அன்றைக்குச் சில ரூபாய் பெறுவான். தன் அண்டை வீட்டுக்காரனின் இடத்தை விற்றுவிட்டான் என்பதை அறியான்.

கிளியூரிலிருந்து ஒருவர் 20 கிலோ பீன்ஸ் கொண்டு கீழே இறங்குகிறாரென்று கொள்வோம். மொத்த மண்டியில் கிலோ ரூ. 40, தரகு நூற்றுக்கு 10 போக, கையில் வருவது ரூ. 36. உழவர் சந்தையில் ரூ. 48. அதிகப்படி லாபம் கிலோவுக்கு ரூ. 12, இருபது கிலோவுக்கு ரூ. 240. இதற்காக அவர் இருட்டோடு புறப்பட்டு, பஸ் கட்டணம் கொடுத்து, முற்பகல் முழுவதும் அமர்ந்து விற்று, மாலையில் வீடு திரும்புகிறார். ஒருநாட் கூலியைக் கணக்கிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை; நஷ்டமே உண்டு. ஆகவேதான் மலையிலுள்ளோர் பலர் ஒருமுறை சென்று பார்த்துவிட்டு, “நமக்கு அது ஒத்துவராது” என்று நின்றுவிடுகின்றனர். அவர்கள் கணக்கு பிழையன்று. பிழை 20 கிலோவில் இருக்கின்றது.

அதே மனிதர் 100 கிலோவுடன் இறங்கினால் அதிகப்படி லாபம் ரூ. 1,200 ஆகும், பயணம் ஒன்றே, நாளும் ஒன்றே. சிறு நிலத்தில் ஒரே நாளில் 100 கிலோ எவ்வாறு கிடைக்கும் என்று கேட்கலாம். ஒரே வகைக் காயாக வேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. பீன்ஸுடன் கொய்யாவும், கீரைக்கட்டும், ஒரு பலாவும் சேர்ந்தால் எடை தானே ஏறும். அஃதன்றி, பத்து வீட்டார் கலந்து பேசி விதைப்பை வாரம் முறைவைத்துச் செய்தால், எல்லோரும் ஒரே நாளில் பறித்து ஒரே நாளில் விலையைக் கெடுப்பது நிற்கும். முறைக்காரர் இருவர் மூவர் ஒரு வண்டியைச் சேர்ந்து அமர்த்திக்கொள்ளலாம். அவரவர் சரக்கை அவரவரே விற்பதால் சந்தை விதிக்கும் பங்கமில்லை. வண்டிச் சத்தமோ மூன்றில் ஒன்றாகும். இதற்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பேச்சுத் தவறாத பத்துப் பேரும் வேண்டும். பின்னது கிடைப்பதுதான் சற்று அருமை.

காப்பியையும் மிளகையும் இவ்வாறு சில்லறையில் விற்க முற்படுவது வீண் பிரயாசை. கோடை விழாவின்போது ஏரிக்கரையில் பிரயாணிகளுக்குச் சிறு பொட்டலங்கள் விற்கலாம். அது கைச்செலவுக்கு ஆகும், விளைச்சலைத் தீர்க்காது. அச்சரக்குகளுக்கு வேண்டியது காத்திருக்கும் சக்தியும் தரமும். பச்சை மிளகு 100 கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய 33 கிலோ ஆகும். சரியாக உலர்ந்த மிளகில் ஈரம் நூற்றுக்கு 11, 12-க்கு மேல் இராது. இதற்கு மேற்பட்டால் பூசணம் பிடிக்கும். வியாபாரி கழிவு கேட்பதும் அப்போது நியாயமாகிவிடும். கதிரடித்த மணிகளைக் கூடையிலிட்டுக் கொதிநீரில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்து வெயிலிற் பரப்பினால் விரைவில் உலர்வதோடு, மணி யாவும் ஒரே கருமையாய்ப் பளபளக்கும். மண்தரையிற் காயவைத்த மிளகையும், தார்ப்பாயில் காயவைத்த மிளகையும் வாங்குவோர் கையிலெடுத்ததும் அறிவர். காப்பியிலும் பழுத்த கனியைப் பச்சைக்காயுடன் ஒருங்கே உருவிவிட்டால், நல்ல கனியின் விலையும் கெட்டுப்போகும்.

டென்மார்க்கு தேசத்தில் 1882-ல் ஹெடிங் என்னும் கிராமத்துக் குடியானவர் கூடி முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை வைத்தனர். சிறிது காலத்துக்குள் அத்தேசத்தின் வெண்ணெய் இங்கிலாந்துச் சந்தையில் தனிப்பெயர் பெற்றது. ஒரு பசு வைத்திருந்தவர் பாலும் நூறு பசு வைத்திருந்தவர் பாலும் ஒரே பண்ணையிற் சேர்ந்து, ஒரே தரமான வெண்ணெயாக வெளிவந்ததே காரணம். மிளகுக்கும் அதுவே பொருந்தும். ஐம்பது வீட்டு மிளகை ஈரம் பார்த்து, சலித்து, தரம் பிரித்து ஒன்றாகக் குவித்தால், வெளியூர் மொத்த வியாபாரி நேரே வந்து விலை கேட்பார். தனித்தனியே ஐம்பது பையாக இருந்தால் உள்ளூர்த் தரகரே கேட்பார்.

கைத்தொழிலாளரின் நிலைமை இதனினும் சிறிது வேறானது. கூடை முறம் பின்னுவோரின் சரக்கு அழுகாது. ஆனால் தேவை திருவிழாவையும் அறுவடையையும் ஒட்டியே வரும். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் யாவும் கூடுகின்றன. கோடை விழாவுக்குப் பட்டணத்தாரும் வருகின்றனர். அக்காலத்துக்கென முன்னரே பின்னி வைக்கச் சிறு மூலதனம் வேண்டும். அதில்லாமையால் அவர்களும் முன்பணத்தில் அகப்படுகின்றனர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கிப் பரவிய பின், இச்சிறு மூலதனம் ஓரளவு கிடைத்து வருகின்றது. தேன் முதலிய சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாழ் குடிகளுக்கு உரிமை அளித்துள்ளது. இதை அறியாமல் மறைவாக அரை விலைக்கு விற்போர் இன்னும் இருப்பின் அவர்களுக்கு அறிவித்தல் சங்கத்தார் கடமை. பக்கத்துக் கொல்லிமலையில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் துணையுடன் குழுக்கள் சாமையையும் தினையையும் இயந்திரத்திற் குத்தி, பொட்டலமாக்கி விற்கின்றன. உரலிற் குத்தும் வேலை ஒழிந்தமையால், கைவிடப்படவிருந்த தானியத்துக்கு மீண்டும் விலை வந்தது. சந்தையைப் பற்றி யோசிப்போர் பெண்டிரின் உழைப்பையும் கணக்கிற் சேர்க்க வேண்டுமென்பதற்கு இது நல்ல உதாரணம்.

மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவு சங்கங்கள் 1970-களில் ஏற்பட்டதன் கருத்தே, கடனும் விற்பனையும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டுமென்பதாகும். கடன் கொடுத்தவரிடமே சரக்கும் போய்ச் சேரும் என்பது வியாபாரி நன்கு அறிந்த உண்மை. சங்கமும் அதனை அறிந்து நடக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் நேர்வது யாதெனில், அங்கத்தினர் கடனைச் சங்கத்திற் பெற்று, நல்ல மிளகை வெளியே விற்று, ஈரமிளகைச் சங்கத்துக்குக் கொண்டுவருகின்றனர். சங்கத்தின் குவியல் தரம் கெடுகிறது, விலை குறைகிறது, மறுவருஷம் “சங்கத்தில் விலையில்லை” என்ற பேச்சு பிறக்கிறது. பஞ்சாயத்தார் பேரிலும் குற்றமில்லாமலில்லை. சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை இரண்டு மாதம் நிறுத்திவைத்தால், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டவேண்டியவர் எங்ஙனம் காத்திருப்பார்? சரக்கு ஒப்புவித்த அன்றே மதிப்பில் ஒரு பகுதியையாவது கையிற் கொடுத்து, மிச்சத்தை விற்ற பின் கணக்குத் தீர்ப்பதே ஏற்ற முறை.

மிளகுக் கதிரில் ஓரிரு மணி சிவக்கத் தொடங்கினால் பறிப்புக் காலம் வந்ததென்று பொருள். அதற்குமுன், கார்த்திகைக்குள், சங்கத்தார் ஒரு கூட்டம் கூட்டி, எந்த வீட்டில் எவ்வளவு மிளகு எதிர்பார்க்கப்படுகிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே முன்பணத்திற் கட்டுண்டிருக்கிறது, மிஞ்சியதில் எவ்வளவு சங்கக் குவியலுக்கு வரும் என்பவற்றை வீடு வீடாக எழுதிக்கொள்ளல் வேண்டும். கட்டுண்ட தொகை சிறிதாயின் சங்கமே அதைக் கடனாகக் கொடுத்து மீட்கலாம். தார்ப்பாய்கள் கிழியாமல் உள்ளனவா என்று பார்த்துக்கொள்வதுடன், தராசின் முத்திரை காலாவதியாகியிருந்தால் அதையும் பறிப்புக்கு முன்னரே புதுப்பித்துக்கொள்ளுதல் அவசியம்.